மைனஸ் நாற்பதில் ஒரு சொர்க்கவாசல்

1

இந்நேரம் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் பஸ்ஸை நிறுத்தியிருப்பார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிறவர்கள் காவிரிப் பாலத்திலேயே இறங்கி நடக்க ஆரம்பித்திருப்பார்கள். பாலக்கரையில் என் தம்பி, "அந்தக் கூட்டத்துல என்னால முடியாதுப்பா, டி.வி.யில பார்த்துக்கறேன்" என்று வருஷா வருஷம் சொல்வதைச் சொல்லிவிட்டு, வருஷா வருஷம் கிளம்புவதைப் போலவே இந்த வருஷமும் கிளம்பியிருப்பான்.

இங்கே வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. சூரியன் பள்ளிக்கூடம் விட்ட கையோடு கடையைக் கட்டிவிட்டது. ஊரில் வைகுண்ட ஏகாதசி விடியப் போகிறது, எங்களுக்கு இன்னும் தசமி சாயங்காலம். முதல் வருஷம் இதை வைத்து வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. எந்த ஊர்க் கணக்குக்கு விரதம்? "பெருமாள் எந்த ஊர் நேரத்துக்கு வெளியே வர்றாரோ, அந்த நேரம்தாங்க ஏகாதசி" என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அரிசியைத் தொடாமல் ரவா உப்புமா கிண்டிவிட்டால் இரண்டு நாட்டுக்கும் பொதுவாகப் போயிற்று.

இந்த நாள் வந்தால் வீட்டுக்காரர், மகள், நான் என்று எங்கள் மூன்று பேர் வாயிலும் ஒரே கேள்விதான். "கதவு திறக்குதா?" கோயில் கதவைக் கேட்கவில்லை, எங்கள் வீட்டுக் கதவைக் கேட்கிறோம். கேட்டுவிட்டுச் சிரிப்போம். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அது சிரிக்கிற விஷயமாக இல்லை. ஊரில் இருக்கிறவர்கள் போனில் "அங்கே எப்படி இருக்கீங்க?" என்று கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கோம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

2

நாங்கள் இருப்பது கனடாவின் வடமேற்கு மூலையில், யூகான் பக்கம். ஊர் சின்னது. சுரங்கத்தில் வேலை கிடைக்கும், குடியிருக்க வீடு கிடைக்காது. என் வீட்டுக்காரர் ரங்கராஜ், ஸ்ரீரங்கத்துக்காரர். துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்கிற பட்டறையில் வெல்டிங் பழகி, அதைக் கையில் பிடித்துக்கொண்டே நாடு நாடாகப் போய், கடைசியில் இந்தச் சுரங்கத்தின் பட்டறையில் வந்து நின்றார். நின்றவர் ஒரு ட்ரெய்லரை வாங்கினார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு. அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உண்டு, எல்லாமே பொம்மை அளவில்.

நானும் மகளும் வந்து இறங்கியபோது அது டோனாவின் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. டோனா ஒரு பெரிய மைதானம் வைத்திருக்கிறாள். அதில் இருபது முப்பது ட்ரெய்லர்கள் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பத்தில் மின்சாரமும் ஒரு குழாயில் தண்ணீரும் தருவாள். கோடையில் சுற்றுலாக்காரர்கள். குளிர்காலத்தில் எங்களைப் போலப் போக்கிடம் இல்லாதவர்கள். நிலைக்கு வந்த தேரைத் தகரம் போட்டு மூடுவோம் அல்லவா, அதே மாதிரி அக்டோபரில் ட்ரெய்லரின் அடிப்பாகத்தைச் சுற்றிப் பலகை அடிப்போம். இல்லாவிட்டால் காற்று அடியில் புகுந்து தரையையே உறைய வைத்துவிடும். பலகைக்கு வெளியே பனியை வாரி அணைப்போம். குளிருக்குப் பனியே போர்வை என்பதை நம்ப எனக்கு ஒரு மாதம் ஆனது.

சூட்டுக்கு புரொபேன் கேஸ். நம் வீட்டு சிலிண்டருக்கு அண்ணன் முறை, ஆள் உயரம். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. மைனஸ் நாற்பதைத் தாண்டினால் அந்தக் கேஸ் உள்ளேயே திரவமாகப் படுத்துவிடும், எழுந்து குழாய்க்கு வராது. அதனால் சிலிண்டருக்கும் மின்சாரப் போர்வை. தண்ணீர்க் குழாய்க்கும் சூடேற்றும் ஒயர் சுற்ற வேண்டும். ஆக, வீட்டுக்கு முன்னால் சிலிண்டர் குளிர் காயும், குழாய் குளிர் காயும், மிச்சம் இருந்தால் நாங்கள். மின்சாரமும் அளவுச் சாப்பாடுதான். கேஸ் சூடு போதாமல் போடுகிற கரண்ட் ஹீட்டர் ஓடும்போது மிக்சியைப் போட்டால் வெளியே கம்பத்தில் இருக்கிற பிரேக்கர் விழுந்துவிடும். இங்கே வந்த புதிதில் இவர் டோனாவிடம் போய் "கரண்ட் போயிடுச்சு" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல, "எங்கே போச்சு?" என்று அவள் கேட்டாளாம்.

திருச்சி வெயிலில் வளர்ந்தவள் நான். ஏப்ரல், மே மாதங்களில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, ஜன்னலில் ஈரத்துணி கட்டி, சூட்டை வெளியே விரட்டுவதற்கே பாதி ஆயுள் போயிற்று. மீதி ஆயுள் அதை உள்ளே பிடித்து வைப்பதில் போகிறது.

விலாசம் தனிக் கதை. மருத்துவ அட்டைக்கு விண்ணப்பிக்கப் போனால் வீட்டுத் தெருவைக் கேட்டார்கள். தெரு இல்லை என்றேன். வீட்டு எண்? அதுவும் இல்லை, பதினாலாவது கம்பம் என்றேன். கவுண்டரில் இருந்த பெண் யாரையோ போய்க் கேட்டுவிட்டு வந்து, "உங்கள் வீடு இப்போது நகர்ந்துகொண்டிருக்கிறதா?" என்று மிகுந்த மரியாதையுடன் விசாரித்தாள். இல்லையம்மா, டயரெல்லாம் பனிக்குள்ளே புதைந்து கிடக்கிறது என்றேன்.

3

மகளின் முழுப்பெயர் ரங்கநாயகி. ஸ்ரீரங்கம் கோயில் தாயார் பெயர் வேண்டும் என்று இவர் பிடிவாதமாக வைத்தது. வீட்டில் நாயகி. இங்கே பள்ளியில் ஒரே வாரத்தில் 'ரே' ஆகிவிட்டாள். அவளே அறுத்துக்கொண்டது.

அவள் நடக்கப் பழகுமுன் இவர் வெளிநாடு போய்விட்டார். பன்னிரண்டு வயதுவரை அப்பா என்றால் அவளுக்குப் போனில் வருகிற முகம். நேரில் வந்து சேர்ந்தபோது அந்த முகத்துக்குக் கீழே ஒரு உடம்பு இருப்பது அவளுக்குச் சங்கடமாக இருந்தது போலும். ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, அவர்கிட்ட உப்பு கேளு" என்பாள். இவரும் என்னைப் பார்த்தே, "சரியா சாப்பிடச் சொல்லு" என்பார். பஸ் அகலம்கூட இல்லாத வீட்டில் நான் தபால்காரி.

அதற்காக நான் வருத்தப்படவில்லை. தபால் போடுகிற தூரத்திலாவது இருக்கிறார்களே என்று இருந்தது. பாலக்கரை வீட்டில் இவர் இல்லாமல் நான் கழித்த வருஷங்களை இங்கே எழுதிப் பிரயோஜனம் இல்லை. அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இன்னொரு தடவை பிரிந்து இருக்க என் உடம்பிலும் மனசிலும் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், டிசம்பர் தொடக்கத்தில் டோனா வந்து சொன்னது என்னை அப்படி உலுக்கிவிட்டது.

குளிர்காலத்தில் எல்லா ட்ரெய்லர்களையும் அவள் சுற்றிப் பார்ப்பாள். எங்கள் அலமாரியைத் திறந்தவள் கையை வைத்து, "இதென்ன?" என்றாள். உள்சுவரில் ஐஸ். என் பட்டுப்புடவை சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குப் பின்னால் பார்த்தாள், அங்கேயும் ஐஸ். அரிசி மூட்டையை நகர்த்தப் பார்த்தாள், அது நகரவில்லை.

டோனா பேசியது ஆங்கிலம்தான், என் ஞாபகத்தில் தமிழாகத்தான் நிற்கிறது. "வாசுகி, இது விளையாட்டு இல்ல. சுவருக்குள்ள ஈரம் போனா ஒயர் கெடும். பூஞ்சை பிடிச்சா நுரையீரல் கெடும். குழந்தை இருக்கிற வண்டி. அடுத்த தடவை வரும்போதும் இப்படி இருந்தா, நீயும் பொண்ணும் வசந்தம் வரைக்கும் தெற்கே எங்கேயாவது போயிடணும். அவர் வேணா ஷிஃப்ட் ஆளுங்களோட சுரங்கத்து விடுதியில தங்கட்டும்."

டொரன்டோ பக்கம் என் சித்தி மகள் இருக்கிறாள். பெரிய வீடு. நாயகிக்குத் தனி அறை கிடைக்கும். டோனா போன பிறகு இதை நான் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நாயகி "தனி ரூமா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

4

இவர் பாய்லர் ஊர்க்காரர் இல்லையா, உடனே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். "கூரையில லீக். பனி உருகி உள்ளே இறங்குது." ஏணி போட்டு ஏறிக் கூரையில் இருந்த இண்டு இடுக்கையெல்லாம் பசை வைத்து அடைத்தார். மறுநாளும் ஐஸ். "அப்போ ஜன்னல்" என்று ஜன்னல் விளிம்புகளுக்கு டேப் ஒட்டினார். மேலும் ஐஸ். கூரையில் காற்றுப் போக ஒரு மூடி இருந்தது. அதன் கீழே தலையணையைத் திணித்தார். ஊசி முனை ஓட்டைகூட விடவில்லை. ஐஸ் இன்னும் கெட்டியானது.

"எங்கேருந்துதான் தண்ணி வருது?" என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் இட்லி அவித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நம் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ஆவி! காலையில் இட்லி. மத்தியானத்துக்குக் குக்கர். ரசம் கொதிக்கும். வெந்நீர் போட்டுத் தினம் தலைக்குக் குளியல். துவைத்த துணி குளியலறைக் கம்பியில். சுற்றிலும் இருக்கிறவர்கள் ரொட்டியைத் தின்று வாரத்தில் இரண்டு நாள் குளிக்கிறார்கள். அவர்கள் சுவர் காய்ந்து கிடக்கிறது. எங்கள் மூச்சும் ஆவியும் போக வழியில்லாமல் சுவரில் போய் உட்கார்ந்து உறைந்தது. ஆயுசு முழுக்க நீராவியை வைத்துச் சோறு தின்றவருக்கு அடுப்பு ஆவி கண்ணில் படவில்லை. எனக்கும்தான்.

நாயகியின் படுக்கை ட்ரெய்லரின் பின் மூலையில், அலமாரி அளவு. அதற்கு ஒரு திரை போட்டுக்கொண்டாள். அந்தப் பக்கம் போனால் மட்டும் சில்லென்று இருக்கும். "ஸ்வெட்டர் போட்டுக்கடி" என்று கத்துவேன். திரைக்குப் பின்னாலிருந்து "ஓகே" என்று வரும். அதோடு சரி.

5

டோனா மறுபடி வருவதாகச் சொன்ன சாயங்காலம், ஊர்க் கணக்குக்கு வைகுண்ட ஏகாதசி விடிகிற நேரம்.

வீடு சுத்தமாகவும் சூடாகவும் இருந்தால் அவள் மனம் இளகும் என்று நினைத்தேன். காலையிலிருந்தே பெரிய அண்டாவில் வெந்நீர் கொதிக்க வைத்து, சுவர் ஐஸைத் துடைத்துத் துடைத்து எடுத்தேன். துடைக்கத் துடைக்கப் பிடித்தது. கொதிக்கிற அண்டாவை வைத்துக்கொண்டு ஈரத்தை விரட்டிய புத்திசாலி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாயங்காலம் இவர் வேட்டி கட்டி நாமம் போட்டுக்கொண்டார். வேட்டிக்குள் கம்பளிப் பேண்ட் இரண்டு. போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்து நேரலையைப் போட்டோம். பரமபத வாசலுக்கு முன்னால் கூட்டம், தலை தலையாகத் தெரிந்தது.

"டோனா வர்ற நேரமாச்சு. படியில இருக்கிற பனியைத் தள்ளிட்டு வரேன்" என்று எழுந்த இவர் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. நாள் முழுக்க நான் போட்ட ஆவியெல்லாம் கதவு விளிம்பில் போய் இறுகி, கதவும் சட்டமும் ஒன்றாகிவிட்டன.

"ஜன்னல் வழியா இறங்கி வெளியேருந்து இழுக்கறேன்" என்றார். சமையல் பக்கத்து ஜன்னல் உறைந்திருந்தது. கட்டில் பக்கத்து ஜன்னலும் அப்படியே. டோனா வந்து தட்டும்போது கதவே திறக்காத வீட்டில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது?

"என் ஜன்னல் திறக்கும்" என்றாள் நாயகி.

திரையை விலக்கினாள். அவசரத்துக்கு வெளியேறுகிற பெரிய ஜன்னல் அது. ஒரு கையால் தள்ளினாள், திறந்துகொண்டது. ஏன் எப்படி என்று கேட்க நேரமில்லை. இவர் தலையை முதலில் விட்டார், தோளில் மாட்டிக்கொண்டது.

"அப்பா, காலை முதல்ல விடுங்க!" என்று கத்தினாள் நாயகி. "திரும்புங்க! வேட்டி மாட்டுது பாருங்க!"

என் மூலமாகச் சொல்லாமல் அவரிடமே கத்தினாள். அந்த அவசரத்திலும் அது என் காதில் விழுந்தது.

டோனா வந்தது சரியாக அப்போதுதான். நெற்றியில் நாமத்தோடு ஒருவர் பின் ஜன்னலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் வெள்ளைத் துணி பறக்கத் தொங்குவதைத் தன் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு அவர் பனியில் பொத்தென்று விழுந்ததையும் பார்த்தாள்.

"ரங்க், நீ நல்லா இருக்கியா?"

"கதவு" என்றார் இவர், பல் கிட்டிக்க.

அவர்கள் இருவரும் வெளியே இழுக்க, நான் உள்ளேயிருந்து நாயகியின் முடி உலர்த்தும் டிரையரைக் கதவு விளிம்பில் பிடித்தேன். ஹீட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். பட்டென்று எல்லாம் அணைந்தது. இருட்டு. போன் வெளிச்சம் மட்டும். அந்த நேரம் பார்த்து ஸ்ரீரங்கத்தில் கதவைத் திறந்தார்கள். "ரங்கா! ரங்கா!" என்று கூட்டம் கதறியது.

வெளியே டோனா நடுங்கிப் போனாள். "உள்ளே எத்தனை பேர் இருக்காங்க?"

"நாங்க ரெண்டு பேர்தான்!" என்று நாயகி உள்ளேயிருந்து கத்தினாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அழ வேண்டிய நேரம்தான், என்ன செய்ய? கும்பிடலாம் என்று கையைத் தூக்கினால் கையில் டிரையர்.

டோனா கம்பத்தில் பிரேக்கரைத் தூக்கிவிட்டாள். நாயகி ஹீட்டரை அணைத்தாள். டிரையர் ஓடியது. மெல்ல ஒரு விரிசல் சத்தம் கேட்டது, கதவு திறந்துகொண்டது. போனில் நம்பெருமாள் ரத்தின அங்கி பளபளக்க வெளியே வந்தார். இங்கே டோனாவும் பனி அப்பிய இவரும் உள்ளே வந்தார்கள்.

6

டோனா சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிச் சுவரைத் தடவினாள், ஈரம். அலமாரியைத் திறந்தாள், ஐஸ். அண்டாவைப் பார்த்தாள். கூரை மூடியில் திணித்திருந்த தலையணையைப் பார்த்தாள். நான் உப்புமாத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், நீட்டத் தைரியம் வரவில்லை.

கடைசியாக நாயகியின் மூலைக்குப் போனாள். சுவரில் கை வைத்தவள், மறுபடி வைத்துப் பார்த்தாள். மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். "இங்கே காய்ஞ்சிருக்கு" என்றாள். "இந்த வண்டியிலேயே இந்த இடம் மட்டும்தான் காய்ஞ்சிருக்கு. ரே, இந்த ஜன்னலைத் திறந்து வைக்கிறியா?"

நாயகி என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். "ஒரு விரல் அளவுக்கு. தினமும். அம்மா தாளிக்கிற வாசனை டிரஸ்ல ஒட்டிக்குது. ஸ்கூல்ல சொல்றாங்க."

எனக்குச் சுருக்கென்றது, மறைப்பானேன். கடுகும் பெருங்காயமும் அவளுக்கு விரட்ட வேண்டிய சரக்காகிவிட்டதா என்று இருந்தது. எத்தனை நாளாகத் திரையைப் போட்டுக்கொண்டு, குளிரில் விறைத்துக்கொண்டு, எங்களிடம் சொல்லாமல் படுத்திருக்கிறாள்? கோபப்படுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ரங்க்" என்றாள் டோனா, "உன் கூரை ஒழுகல. நீங்க மூணு பேரும் ஒழுகறீங்க. மூச்சு விடறீங்க, குளிக்கறீங்க, சமைக்கறீங்க. அது போக வழி வேணும். சூடா இருக்கணும்னா கொஞ்சம் திறந்து வைக்கணும்."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு நிமிஷம் அண்டாவைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார். "சேஃப்டி வால்வு" என்று முணுமுணுத்தார். "சேஃப்டி வால்வை நானே அடைச்சு வெச்சிருக்கேன் வாசுகி!" துவாக்குடிப் பட்டறையில் எவனாவது அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்களாம்.

டோனா நாயகியிடம் திரும்பினாள். "இதைச் சரிபண்ணிடலாம். ஆனா ரெண்டு மூணு வாரம் கஷ்டமா இருக்கும். உன்னையும் கேக்கறேன். தெற்கே தனி ரூம் இருக்குன்னு உங்க அம்மா போன வாரம் சொன்னாங்க. போறியா, இருக்கியா?"

இவர் வேட்டியிலிருந்து பனி உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நாயகி பதிலை டோனாவுக்குச் சொல்லவில்லை. எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"நான் இங்கேயேதான் இருக்கேன். ஜன்னலை மட்டும் மூடாதீங்கப்பா."

இவர் சரி என்று தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் திரும்பி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தேன். சுத்தமாக இருந்த அடுப்புதான். டோனா உப்புமாத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டாள்.

7

அன்றைக்கே தலையணை இறங்கியது, டேப் உரிந்தது. இட்லி அவிக்கும்போது கூரை மூடி திறந்திருக்கும். ரசம் கொதித்தால் மைதானத்துக்கே தெரியும். கேஸ் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகிறது, சுவர் காய்ந்து கிடக்கிறது. ஈரக் காற்றைவிடக் காய்ந்த காற்று சீக்கிரம் சூடாகிறது என்று இவர் இப்போது பக்கத்து ட்ரெய்லர்காரர்களுக்கு வகுப்பு எடுக்கிறார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி.

நாயகி தன் ஸ்கூல் கோட்டை இன்னும் தாளிப்பு நேரத்தில் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு வைக்கிறாள். எனக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. அதே பெண் நேற்று, "அம்மா, டோனாவுக்கும் சேர்த்து உப்புமா போடு, காரம் கம்மியா" என்றாள். எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று அவளுக்கு அவள் கணக்கு.

எழுதிக்கொண்டிருக்கும்போதே டோனா வந்துவிட்டாள். போனில் வாசல் திறந்தது, "ரங்கா ரங்கா" என்றது கூட்டம். போன வருஷம் ஆரம்பித்த வழக்கப்படி நாங்களும் எங்கள் கதவைத் திறந்தோம். அது முனகாமல் திறந்தது. நால்வரும் ஒருவர் பின் ஒருவராக வெளியே இறங்கி, மைனஸ் முப்பத்தெட்டில் வாயால் புகை விட்டபடி கம்பத்தைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு, விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஏறினோம்.

"அப்பா கடைசியா வாங்க" என்றாள் நாயகி. "கதவு மாட்டிக்கிச்சுன்னா உங்களுக்குத்தான் ஜன்னல் பழக்கம்."

எல்லாரும் உள்ளே வந்தாயிற்றா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு இவர் கதவைச் சாத்தினார். பிறகு பின் மூலைக்குப் போய், மகளின் ஜன்னல் ஒரு விரல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.